பூசணியும் வண்டும் ஒரே எடையா?

எக்ஸ்ரேவின் இடது புருவம் மேலே ஏறினால் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். யாரோ வசமாக மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அவளுக்கு வயது பதினொன்று. எக்ஸ்ரே என்பது தம்பி வைத்த பெயர். பிஸ்கட் டப்பாவைத் திறந்த உடனேயே, "கீழ் வரிசையில ஒண்ணு குறையுது. எடுத்தவன் மேல் வரிசையைத் திரும்ப அடுக்கி வெச்சிருக்கான்" என்று சொல்லிவிடுவாள். எடுத்தவன் வேறு யார், அந்தத் தம்பிதான். அவனுக்கு ஏழு வயது. குட்டையாக, உருண்டையாக, நூல் சுற்றிக் கட்டி வைத்த மாதிரி இருப்பான். அதனால் அவன் பெயர் பொட்டலம். அந்தப் பெயரை யார் வைத்தது என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஏறிய புருவம் இறங்கவே இல்லை. காரணம், அவள் நோட்டில் அவளே எழுதி வைத்திருந்த மூன்று வரிகள்.

எடை: வண்டு நாலரை கிலோ, பூசணி நாலரை கிலோ.

மேடு ஏறிய நேரம்: வண்டு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி, பூசணி ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

சத்தம்: இரண்டும் முப்பது அடி தூரத்தில் கேட்டது.

"இது எப்படி?" என்று எக்ஸ்ரே தனக்குள் முணுமுணுத்தாள். "ஒண்ணு குட்டி மோட்டார், ஒண்ணு குண்டு மோட்டார். எல்லாத்துலயும் ரெண்டும் சமமா? எங்கேயோ இடிக்குதே!"

என்ன மோட்டார், யாருக்கு மோட்டார் என்று கேட்கிறீர்கள் அல்லவா? சொல்கிறேன்.

எக்ஸ்ரேவின் அம்மா ஒரு நர்ஸ். நோயாளிகளின் வீட்டுக்கே போய் ஊசி போடுவார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். மருந்துப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். பாதிப் பேர் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. அந்த மேட்டுக்கு ஊரில் எல்லோரும் வைத்திருந்த பெயர் மூச்சுமுட்டி மேடு. ஒரு தடவை ஏறிப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று நீங்களே மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வீர்கள்.

அங்கேதான் அம்மாவின் வலது முட்டி கெட்டுப்போனது. பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இனிமே மேட்டுல பெடல் மிதிக்கக் கூடாது. சைக்கிளுக்கு மோட்டார் வெச்சா வெளி வேலைக்குப் போகலாம். இல்லேன்னா மருந்துக் கிடங்குல உட்கார்ந்து மாத்திரை எண்ண வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து அம்மா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. "மாத்திரை எண்ணுறதுக்கா நான் நர்ஸ் ஆனேன்? மேட்டுத் தெருவுல எனக்காக எத்தனை பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கிரீஸ் மாமாதான் வழி சொன்னார். பழைய முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டிவிடலாம். கடையில் இரண்டு வகை இருந்தது. இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். "ஓட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எது வேணும்னு சொல்லிடணும். விக்காத சரக்கை மறுநாளே நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்."

சின்ன மோட்டார் ஓடும்போது 'ம்ம்ம்ம்' என்று சத்தம் போட்டது. பொட்டலம் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தான். பெரிய மோட்டார் உருண்டையாக, வாயே திறக்காமல் இருந்தது. அது பூசணி.

எதை வாங்குவது? பலமில்லாத மோட்டார் மேட்டில் நின்றுவிடும். சத்தம் போடுகிற மோட்டார், ராத்திரி முழுக்க வலியில் புரண்டுவிட்டு விடியும்போது கண்ணயர்ந்த நோயாளிகளை எழுப்பிவிடும். கனமான மோட்டார்? அங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பா தையற்காரர். மூன்றாவது மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. போன மாதம் கீழே நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்கள் களவு போய்விட்டன. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பாதான் அம்மாவின் சைக்கிளைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏற்றுகிறார். நாள் முழுக்க மெஷினில் குனிந்தே இருப்பதால் அவருக்கு இடுப்பு வலி. இரண்டாவது மாடியில் ஒரு தடவை நின்று, இடுப்பில் கை வைத்து, "சும்மா காத்து வாங்குறேன்" என்பார். அங்கே ஜன்னலே கிடையாது.

எனவே பலம், சத்தம், எடை மூன்றையும் நாமே சோதித்துப் பார்ப்போம் என்று எக்ஸ்ரே முடிவு செய்தாள். சோதித்தும் பார்த்தாள். வந்த பதில்தான் அந்த மூன்று வரிகள்.

"யாரோ நம்மளை நல்லா ஏமாத்துறாங்க" என்றாள் எக்ஸ்ரே.

"பேயா?" என்று கேட்டான் பொட்டலம்.

"பேய்க்கு எதுக்குடா சைக்கிள் மோட்டார்? சும்மா இரு."

நோட்டின் அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். சந்தேகப்படும் ஆள்: கிரீஸ் மாமா. காரணம்: எப்போது பார்த்தாலும் சிரிக்கிறார். விசில் அடிக்கிறார். கை எப்போதும் கறுப்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். கிரீஸ் மாமா ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, விசிலடித்தபடி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே மோட்டார்தானே? மேல் மூடியை மட்டும் மாத்தி வெச்சிருக்கீங்க."

விசில் நின்றது. "என்னது?"

எக்ஸ்ரே நோட்டைப் பிரித்து நீட்டினாள். அவசரத்தில் பக்கம் மாறிப்போனது. கிரீஸ் மாமா சத்தமாகவே படித்தார். "எப்போது பார்த்தாலும் சிரிக்கிறார்... கை எப்போதும் கறுப்பாக... அடிப்பாவி! அது கிரீஸ்மா! அதனாலதானே எனக்கு இந்தப் பேரே வந்துச்சு!"

எக்ஸ்ரேவுக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப ரெண்டும் ஏன் ஒரே எடை இருக்கு?"

"ஒரே எடையா? நீ ரெண்டையும் கையில தூக்கிப் பார்த்தியா?"

எக்ஸ்ரே யோசித்தாள். இல்லை. அப்பா அவளைத் தொடவே விடவில்லை. 'விரல் நசுங்கிடும், தள்ளி நில்லு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரீஸ் மாமா எழுந்துபோய், சுவரில் தொங்கிய சக்கரங்களில் வண்டு வகையில் ஒன்றையும் பூசணி வகையில் ஒன்றையும் எடுத்து வந்தார். அவளுடைய இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று கொடுத்தார்.

எக்ஸ்ரேவின் வலது தோள் தொங்கிப்போனது. பூசணி அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தே விட்டது. எடை பார்க்கும் மெஷினே தேவையில்லை.

"ஸாரி மாமா" என்று மெல்லச் சொன்னாள். அவர் பெயரை அங்கேயே ரப்பரால் அழித்தாள். பெயர் போய்விட்டது. ஆனால் நோட்டைப் பிடித்த அவருடைய கட்டைவிரல் அடையாளம் மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது.

வீட்டுக்கு நடந்தபடியே யோசித்தாள். மோட்டாரில் தப்பில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை. அப்படியானால் தப்பு நடந்தது சோதனையில். சோதனையில் இருந்தவர்கள் யார்? அம்மா, அப்பா, பொட்டலம். வேறு யாரும் இல்லை.

'நம்ம வீட்டுக்குள்ளயேவா?' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வரும்போல இருந்தது.

கதவைத் திறந்தால், அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, "வாடா கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டார். பொட்டலம் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து நீட்டினான். பொட்டலமாவது, தானே வந்து பிஸ்கட் கொடுப்பதாவது! எக்ஸ்ரேவின் புருவம் நெற்றிக்கே போய்விட்டது.

ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டை மறுபடி புரட்டினாள். எடை பார்த்த விதம் இதுதான். அப்பா முதலில் எடை மெஷினில் தனியாக ஏறி நிற்பார். பிறகு சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவார். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் சக்கரத்தின் எடை வந்துவிடும். 'ரெண்டு தடவையும் என்னைத் தனியா நிறுத்துக்கணும், அதுதான் நியாயம்' என்று அப்பாவே சொன்னார். கழித்து வந்ததை மட்டும்தான் அவள் இதுவரை பார்த்தாள். கழிப்பதற்கு முன்னால் எழுதியதைப் பார்க்கவே இல்லை.

இப்போது பார்த்தாள். வண்டுக்கு முன்னால் அப்பா தனியாக அறுபத்திரண்டு கிலோ. பூசணிக்கு முன்னால் அப்பா தனியாக அறுபத்து மூன்றரை கிலோ!

நடுவில் அப்பா அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்தார். அரை டம்ளர் தண்ணீரில் ஒன்றரை கிலோ ஏறுமா? யானைக்குட்டிகூட அப்படி ஏறாதே!

கண்கள் மெல்ல அப்பாவின் மேஜைக்குப் போயின. வெட்டும்போது துணி நகராமல் இருக்க அதன்மேல் வைக்கும் இரும்புக் கட்டிகள் மூன்று அங்கே இருந்தன. ஒவ்வொன்றும் அரை கிலோ. நேற்று எடை பார்க்கும்போது அவை மேஜையில் இருந்தனவா? அப்பா போட்டிருந்தது பெரிய பை வைத்த சட்டை. எக்ஸ்ரேவுக்குப் புரிந்துவிட்டது. வண்டைத் தூக்கும்போது கட்டிகள் பைக்குள் போயின, வண்டு கனத்துவிட்டது. பூசணியைத் தூக்கும்போது வெளியே வந்தன, பூசணி இளைத்துவிட்டது!

"அப்பா..." என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். முதலில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அடுத்தது பொட்டலம். அவனைக் கீழே சந்துக்குக் கூட்டிப்போனாள். நேற்று செய்த மாதிரியே, கண்ணைத் துணியால் கட்டி, திரும்பி நிற்க வைத்தாள். மோட்டார் சத்தம் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிள் எத்தனை அடி தூரத்தில் வருகிறது என்று எக்ஸ்ரே அளப்பாள்.

"இப்ப பூசணி வருது. கவனமாக் கேளு" என்றாள்.

சந்தில் ஒரு பூனை மட்டும் நடந்து போனது. சைக்கிளும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மா இன்னும் வேலையில் இருந்து வரவே இல்லை.

ஐந்து வினாடி ஆனது. பொட்டலத்தின் கை விர்ரென்று மேலே போனது. "கேட்குது! கேட்குது! அப்பப்பா, என்னா சத்தம்! காதே அடைச்சுப் போச்சு!"

எக்ஸ்ரே துணியை அவிழ்த்தாள். பொட்டலம் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பூனையையும் பார்த்தான்.

"அது... பூனை ரொம்ப சத்தமா நடந்துச்சுக்கா."

"பொட்டலம்!"

அவன் உதடு துடித்தது. "எனக்கு வண்டுதான் வேணும். அதுதான் சத்தம் போடும். அதனால வண்டு வந்தப்ப கேட்காத மாதிரி நின்னேன். பூசணிக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்டேன்."

"சத்தம் போடுறதா வேணும்? ஏன்டா?"

"பழைய சைக்கிள் தெருமுனைக்கு வந்ததுமே கிரீச் கிரீச்னு கத்தும். அம்மா வந்துட்டாங்கன்னு தெரிஞ்சிடும். அன்னிக்கு மழையில அம்மா மேட்டுல வழுக்கி விழுந்துட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்தாங்களே, அன்னிலேர்ந்து நான் தினமும் ஜன்னல்கிட்டயே காதை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். பூசணி வந்தா சத்தமே வராது. அப்புறம் அம்மா வந்துட்டாங்களா, எங்கேயாவது விழுந்து கிடக்குறாங்களான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

எக்ஸ்ரேவால் அவனைத் திட்டவே முடியவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டாள்.

மிச்சம் இருப்பது அம்மா. அம்மா வந்ததும் எக்ஸ்ரே முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, வண்டோட நேரத்தைச் சரியா எழுதலை. இன்னொரு தடவை மேடு ஏறிக் காட்டுறீங்களா? பெடலை மிதிக்கக் கூடாது, மோட்டார் மட்டும்தான் ஏத்தணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்ற அம்மா வேறு எங்கோ பார்த்தார்.

மேட்டின் அடியில், டயரில் காற்று பார்ப்பதுபோல எக்ஸ்ரே குனிந்தாள். அப்பாவின் வெள்ளைத் தையல் நூலில் ஒரு முழத்தை எடுத்து, பெடலின் கம்பியையும் சைக்கிளின் கம்பியையும் சேர்த்துக் கட்டினாள். பெடல் அரைச் சுற்றுச் சுற்றினாலும் நூல் அறுந்துவிடும். சுற்றாவிட்டால் அப்படியே இருக்கும்.

அம்மா மோட்டாரை முடுக்கிக் கிளம்பினார். மூச்சுமுட்டி மேட்டின் நடுவில் ஒரு வளைவு உண்டு. அங்கே போனால் மேலே நிற்பவருக்கும் தெரியாது, கீழே நிற்பவருக்கும் தெரியாது. சைக்கிள் வளைவில் மறைந்ததும் எக்ஸ்ரே பின்னாலேயே ஓடினாள்.

வளைவில், சாலையின் நடுவில் வெள்ளை நூல் அறுந்து கிடந்தது.

மேலே அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை வலது முட்டியை அழுத்திக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே வருவதைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டுச் சிரித்தார். "எப்படி? வண்டு சூப்பரா ஏறுச்சு இல்ல?"

எக்ஸ்ரே நூலை உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு அம்மா எதற்காக மிதிக்க வேண்டும்? அதுவும் வண்டுக்காக?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரீஸ் மாமா பதில் கேட்க வந்து, தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?"

"வண்டே போதும்" என்றார் அம்மா.

"அதெல்லாம் இல்ல. பூசணிதான்" என்றார் அப்பா. "எடை ரெண்டும் ஒண்ணுதானே?"

"மேடு ஏறுறதும் ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அம்மா.

எக்ஸ்ரே நடுவில் வந்து நின்றாள். "இந்த வீட்டுல மூணு திருடங்க இருக்காங்க" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். பொட்டலம் மெல்ல மேஜைக்கு அடியில் போய்விட்டான். கிரீஸ் மாமா அவசரமாக, "நான் இல்ல! என் பேரை நேத்தே அழிச்சாச்சு!" என்றார்.

எக்ஸ்ரே மூன்று இரும்புக் கட்டிகளையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். டொக், டொக், டொக். பக்கத்தில் அறுந்த நூலை வைத்தாள். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, "வெளியே வாடா" என்றாள்.

இரும்புக் கட்டிகளைப் பார்த்ததும் அப்பா தலையைச் சொறிந்தார். நூலைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிப்போனது.

"ஏங்க, இந்தக் கட்டியை வெச்சுக்கிட்டா எடை பார்த்தீங்க?" என்று அம்மா கேட்டார். "பூசணி எவ்வளவு கனம்! அதையும் சேர்த்து எப்படித் தூக்குவீங்க? உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் இடுப்பு கிடக்குது. பூசணிதான் மேட்டுல பலமா ஏறும்னு மாமா சொன்னாரு. எடையைக் கேட்டா நீ வேண்டாம்னுடுவே. அதான்..." என்ற அப்பா நூலை எடுத்துப் பார்த்தார். "அப்ப நீ? பெடல் மிதிச்சியா? அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"வண்டுதான் லேசு. நீங்க தூக்குறதுக்குச் சுலபமா இருக்கும். அது ஏறலைன்னு தெரிஞ்சா நீங்க பூசணியை வாங்கிடுவீங்களே. நீங்க ரெண்டாவது மாடியில காத்து வாங்குறது எனக்குத் தெரியாதாக்கும்?"

"உன் முட்டி போயிடுச்சுன்னா மோட்டார் எதுக்குடி? மாத்திரை எண்ணப் போறியா?"

"உங்க இடுப்பு போயிடுச்சுன்னா மெஷின்ல யார் உட்காருவா?"

இருவருக்கும் குரல் ஏறியது. ஆனால் இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. இது சண்டையா இல்லையா என்று பொட்டலத்துக்குப் புரியவில்லை. அவன் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தன் கதையையும் சொல்லி முடித்தான். அம்மா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் தலையைக் கோதிவிட்டார்.

கிரீஸ் மாமா தொண்டையைக் கனைத்தார். "இருபது வருஷமாக் கடை வெச்சிருக்கேன். சோதனையில இப்படி ஆளாளுக்குத் திருட்டுத்தனம் பண்ணுன குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை."

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்தார்கள். அப்பாவின் பைகளை எக்ஸ்ரே தட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினில் ஏற விட்டாள். வண்டு மூன்று கிலோ, பூசணி ஆறு கிலோ. சந்தில் வண்டின் சத்தம் அறுபது அடிக்கு முன்னாலேயே கேட்டது. பூசணியோ எட்டு அடியில் வந்து நிற்கும்வரை தெரியவே இல்லை. மேட்டில் அம்மா இரண்டு காலையும் அசைக்காமல் உட்கார்ந்தார். வண்டு வளைவு வரை போய், 'ம்ம்ம்ம்' என்று முனகி நின்றுவிட்டது. பூசணி அதே ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

"பலத்துக்குப் பூசணி, சத்தத்துக்குப் பூசணி" என்று எக்ஸ்ரே எழுதினாள். "எடை மட்டும்தான் பிரச்னை."

"அதான் சொல்றேன், நான் தூக்கிடுவேன்" என்றார் அப்பா.

"அதான் சொல்றேன், தூக்கக் கூடாது" என்றார் அம்மா. மறுபடி முதலில் இருந்தா!

எக்ஸ்ரே பூசணியைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் கிரீஸ் மாமாவிடம் கேட்டாள். "மாமா, நீங்க சக்கரத்தை மாத்தும்போது ஸ்பேனரே எடுக்கலையே. எப்படிக் கழட்டினீங்க?"

"அந்தப் பிடியைத் திருப்பினா கையோட வந்துடும். எவ்வளவு நேரம் ஆகப்போகுது, அரை நிமிஷம்."

"பேட்டரி?"

"சாவியைப் போட்டுத் திருப்பினா அதுவும் தனியா வந்துடும். மூணு கிலோ இருக்கும்."

"அப்ப நாம எதுக்குச் சைக்கிளை முழுசாத் தூக்கணும்?" என்றாள் எக்ஸ்ரே. "வீட்டுல நாலு பேர் இருக்கோம். சக்கரம் எனக்கு. பேட்டரி பொட்டலத்துக்கு, அவன் ஸ்கூல் பையைவிட அது லேசு. அம்மாவுக்கு மருந்துப் பை மட்டும். மிச்ச சைக்கிள் அப்பாவுக்கு. இதுவரைக்கும் தூக்கினதைவிட அது குறைச்சல்தான்."

எல்லோரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. அப்பா மட்டும் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சத்தம்?" என்று பொட்டலம் சின்னக் குரலில் கேட்டான்.

"தெருமுனைக்கு வந்ததும் மணி அடிக்கிறேன்" என்றார் அம்மா. "ரெண்டு தடவை. உனக்கு மட்டும்தான் அது. போதுமா?"

பொட்டலம் போதும் என்று தலையாட்டினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருவில் எந்த மோட்டார் சத்தமும் கேட்கவில்லை. 'டிரிங், டிரிங்' என்று மணிதான் கேட்டது. "அம்மா வந்தாச்சு!" என்று பொட்டலம் படிகளில் உருண்டு ஓடினான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் சைக்கிளில் இருந்து இறங்கினார். மேட்டுத் தெருவில் ஏழு வீட்டுக்குப் போய் வந்தாராம். ஏழு வீட்டிலும் எழுப்பிய பிறகுதான் கண் விழித்தார்களாம்.

அரை நிமிடத்தில் சைக்கிள் துண்டு துண்டானது. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அப்பா இரண்டாவது மாடியில் நிற்கவே இல்லை. பொட்டலம்தான் அங்கே நின்றான். முகம் தக்காளியாகிவிட்டது. "கனக்குதாடா?" என்று கேட்டால், "சேச்சே" என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. எக்ஸ்ரே அதைக் கவனித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். எக்ஸ்ரே கையில் சக்கரமும் முதுகில் ஒரு பையுமாக, கொஞ்சம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாள். பொட்டலம் துள்ளித் துள்ளி இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டான். வந்தவன் நின்றான். முதுகில் இருந்த பேட்டரிப் பையை ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். இறக்கி, ஜிப்பைத் திறந்தான்.

உள்ளே பேட்டரி இல்லை. துண்டு சுற்றிய அம்மாவின் டிபன் டப்பா இருந்தது.

பொட்டலம் அக்காவின் முதுகுப் பையைப் பார்த்தான். அது கனத்தில் நன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய இடது புருவம் மெல்ல, மெல்ல மேலே ஏறியது.

"அக்கா, பேட்டரி மூணு கிலோன்னு உன் நோட்டுல எழுதியிருக்கியே?"

"ஷ்ஷ்!" என்றாள் எக்ஸ்ரே. "வாயை மூடிட்டு ஏறுடா!"